ஏலியன்: வேற்றுக்கிரகவாசியா, அயலாரா?

என்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் பிக்கார்டும், டமேரியர் என்ற வேற்றினத்தாரின் கேப்டன் டேத்தனும் எல்-அட்ரெல் என்ற கிரகத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். டேத்தன் கையில் இரண்டு கத்திகள். ஒன்றை இவருக்குக் கொடுக்கப் பார்த்து, "டார்மோக்கும் ஜலாடும், டனாக்ராவில்" என்கிறார். பிக்கார்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் போல என்று நினைத்துக் கத்தியை மறுத்துவிடுகிறார். 1991 செப்டம்பரில் ஒளிபரப்பான 'டார்மோக்' எபிசோடு இது, 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாவது சீசனில் இரண்டாவது கதை. கதையைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால் "பிக்கார்ட் ஒரு வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார்" என்றுதான் கை தானாக எழுதும். ஆனால் அந்தக் கிரகம் இரண்டு பேருக்குமே சொந்த ஊர் இல்லை. சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் அங்கே இருவருமே வேற்றுக்கிரகவாசிகள். உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் இவர்களைத் தாக்க வருகிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த மிருகம் மட்டும்தான்.

சரி, மூலச் சொல்லுக்குப் போவோம். லத்தீனில் அலியுஸ் என்றால் மற்றது, வேறொன்று. அதிலிருந்து வந்தது அலியேனுஸ், அதாவது பிறருக்கு உரியது, நம்முடையது அல்லாதது. வானமும் இல்லை, பச்சைத் தோலும் இல்லை, வெறும் 'என்னுது, அடுத்தவனுது' கணக்குதான். நிலத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதை ஆங்கிலச் சட்டம் ஏலியனேஷன் என்கிறது. நம் ஊர் பத்திரங்களில் அதற்குப் 'பராதீனம்' என்று எழுதுவார்கள், அதிலும் 'பர' என்றால் பிறர்தான். அலியாஸ், அலிபி எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள். செய்தித்தாளில் 'என்கிற' என்று போடுகிறோமே, அதுதான் அலியாஸ். 'சம்பவம் நடந்தப்போ நான் வேற இடத்துல இருந்தேன்' என்றால் அலிபி.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஏலியன் என்றால் வெளிநாட்டுக்காரர். சட்டத்தில் இன்றும் அந்தப் பொருள் போகவில்லை. 1798-இல் அமெரிக்கா போட்ட ஏலியன் சட்டம், ஆபத்தானவர் என்று கருதும் வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தது. நம் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு 'ஏலியன் எனிமி' எப்போது வழக்குப் போடலாம் என்று பேசுகிறது. இங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் வரிப் படிவத்தில் தங்களை 'நான்-ரெசிடென்ட் ஏலியன்' என்று குறிக்கும்போது முதல் தடவை சிரிக்கத்தான் செய்கிறார்கள். விண்ணிலிருந்து வருகிற ஆள் என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டில் அறிவியல் புனைகதைகளோடு பரவியது. இன்று பேச்சு வழக்கில் அது மற்ற எல்லாப் பொருளையும் விழுங்கிவிட்டது.

இப்போது தமிழ். வேற்றுக்கிரகவாசி என்பதில் வேற்று மட்டும்தான் தமிழ். கிரகமும் வாசியும் வடமொழி. தனித்தமிழ் வேண்டுமென்றால் கிரகத்துக்குக் கோள் இருக்கிறது, வேற்றுக்கோளர் என்றோ அயற்கோளர் என்றோ சொல்லலாம். இதில் ஒரு சுவாரஸ்யம். கிரகம் என்ற சொல்லின் வேர் 'பற்றிக்கொள்' என்ற பொருள் தரும் கிரஹ். கோள் என்பதும் 'கொள்' என்பதிலிருந்து வந்ததுதான். கிரேக்கர்கள் பிளானட் என்று பெயர் வைத்தபோது அலைகிறவன் என்று நினைத்தார்கள், இங்கே இரண்டு மொழிக்காரர்களும் பிடிக்கிறவன் என்று நினைத்திருக்கிறார்கள். சனி பிடித்தது என்கிறோமே, சும்மாவா.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த 'வேற்று'தான். ஏழெட்டு மாதக் குழந்தை, அதுவரை யார் தூக்கினாலும் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஒருநாள் ஊரிலிருந்து வந்த பெரியப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழும். வீட்டில் இருக்கும் பாட்டி உடனே சொல்லுவார், "வேத்து முகம் பாக்குது." வேற்று முகம். பெரியப்பா எந்தக் கிரகத்திலிருந்தும் வரவில்லை, திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்தார். வேற்று என்பது ஆளிடம் ஒட்டியிருக்கும் குணம் அல்ல, பார்க்கிற கண்ணில் இருப்பது. நாலு நாள் தங்கினால் அதே குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுக்கும்.

அயல் இன்னும் வேடிக்கையான சொல். அயல்நாடு என்றால் தூரம், அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. ஈழத்தில் 'அயலட்டைச் சனம்' என்றால் அக்கம்பக்கத்தார். ஒரே சொல் அண்டை வீட்டாரையும் அந்நியரையும் குறிக்கிறது. ஆங்கில ஏலியனுக்கு இந்த வசதி கிடையாது. அந்நியர் என்றும் போடலாம்தான், ஆனால் அதில் விடுதலைப் போராட்ட வாடை இன்னும் போகவில்லை, அந்நியத் துணி எரிப்பு ஞாபகம் வருகிறது. ஏதிலார் பழைய சொல். 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்' காதலர்களிடம்தான் உண்டு என்கிறது 1099-ஆம் குறள். முன்பின் தெரியாதவர் போலப் பார்ப்பதே நெருக்கத்தின் அடையாளமாம். அதே வேரில் வந்த ஏதிலியை இன்று அகதி என்ற பொருளில் எழுதுகிறோம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எபிசோடுக்குத் திரும்பினால் வேறு மாதிரி தெரிகிறது. நூறு ஆண்டுகளில் ஏழு முறை இரு தரப்புக் கப்பல்களும் சந்தித்திருக்கின்றன, ஒரு தடவையும் பேச்சு நகரவில்லை. மொழிபெயர்ப்புக் கருவி வார்த்தைகளைச் சரியாகத்தான் மாற்றிக் கொடுக்கிறது. பிரச்சினை என்னவென்றால் டமேரியர்கள் எதையும் கதையால்தான் சொல்லுகிறார்கள். தோல்வி என்றால் "ஷாகா, சுவர்கள் விழுந்தபோது." கொடுப்பது என்றால் "டெம்பா, கைகளை விரித்தபடி." டேத்தன் முதலில் சொன்ன டார்மோக்கும் ஜலாடும்கூட, டனாக்ரா தீவில் ஒரு மிருகத்தைச் சேர்ந்து எதிர்த்து நண்பர்களான இருவர். நாமும் கும்பகர்ணன், சகுனி வேலை, திரிசங்கு நிலை என்று பேசுகிறவர்கள்தானே, ராமாயணமும் பாரதமும் தெரியாத ஒருவருக்கு அகராதி எவ்வளவு உதவும்?

இரவில் குளிருகிறது. பிக்கார்டால் நெருப்பு மூட்ட முடியவில்லை. தன் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து டேத்தன் வீசுகிறார், "டெம்பா." அயல்வீட்டில் நெருப்பு வாங்குகிற அதே வேலை. அப்புறம் மிருகம் வருகிறது, இருவரும் சேர்ந்து எதிர்க்க வேண்டிய நேரத்தில் பிக்கார்டைக் காப்பாற்றுவதாக நினைத்து என்டர்பிரைஸ் அவரை மேலே இழுக்கப் பார்க்கிறது, கீழே தனியாக மாட்டிக்கொண்ட டேத்தன் படுகாயப்படுகிறார். சாகப் போகிறவருக்குப் பிக்கார்ட், பழைய மெசபொத்தேமியக் காவியத்தில் வரும் கில்கமேஷும் என்கிடுவும் நண்பர்களான கதையைச் சொல்லுகிறார். ஒரு ஊர்க் கதைக்கு இன்னொரு ஊர்க் கதை.

மேலே கப்பலில் இருப்பவர்களையும் பாருங்கள். வோர்ஃப் கிளிங்கான் என்ற வேற்றினம், வளர்த்தது மனிதப் பெற்றோர். டிராய்க்கு அம்மா பீட்டசாய்ட் என்ற இன்னொரு இனம், அப்பா மனிதர். டேட்டா மனிதரே இல்லை, இயந்திரம். இந்தச் சொல்லின் எந்தக் கணக்கிலும் இவர்கள் ஏலியன்கள்தான், ஆனால் மேல்தளத்தில் இவர்கள் வெறும் சக ஊழியர்கள்.

ஆகவே என் வழக்கம் இது. விஞ்ஞானக் கட்டுரையில் வேற்றுலக உயிர், ஏனென்றால் அங்கே பேச்சு பாக்டீரியாவைப் பற்றியும் இருக்கலாம், அதை வாசி என்று கூப்பிட வாய் வராது. வரிப் படிவத்துக்கு அயல்நாட்டவர். தட்டு பறந்து வந்து பச்சை ஆள் இறங்கும் கதைக்கு வேற்றுக்கிரகவாசி, நடுவில் க் ஒற்றோடு ஒரே சொல்லாக. டேத்தனுக்கு மட்டும் அயலார். கதை முடிகிற இடத்தில் அவருடைய கத்தியைப் பிக்கார்ட் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார், டமேரியத் துணைத்தலைவர் வாங்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் அவர்கள் மொழியில் புதிதாக ஒரு தொடரை அவர் சொல்லியிருந்தார்: "பிக்கார்டும் டேத்தனும், எல்-அட்ரெலில்."