மெட்டல்லோபுரோட்டினேஸ்: தமிழில் என்ன சொல்வது?

குடல் அழற்சி நோய் இருப்பதாக அறிந்தவர் அதைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கப் புகுந்தால் எதிர்ப்படும் சொல் ‘மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ்’. செல்களுக்கு இடையே உள்ள புரதங்களை வெட்டும் ஒரு நொதிக் குடும்பத்தின் பெயர் அது. இதற்கு நல்ல தமிழ்ச்சொல் அவசரத் தேவை. சென்னையில் குடல் அழற்சி நோயின் ஒரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸை ‘அல்சர்’ என்று சுருக்கி, இரைப்பைப் புண் என நினைத்து அமிலம் தணிக்கும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயோ பெருங்குடலில் இருக்கிறது. பெயர் புரியாவிட்டால் மருந்தும் மாறிவிடுகிறது.

‘மேட்ரிக்ஸ்’ லத்தீன் சொல். ‘தாய்’ என்பதிலிருந்து பிறந்து கருப்பையைக் குறித்தது. உடலியலில், செல்களுக்கு இடையே கொல்லாஜென் என்னும் நார்ப்புரதம் முதலியவற்றால் ஆன தாங்குபொருள் அது. ‘மெட்டல்’ இங்கே துத்தநாகம்; அந்த அயனி இல்லாமல் இந்த நொதியால் புரதத்தை வெட்ட முடியாது. ‘புரோட்டின்’ 1838இல் அச்சேறிய சொல். கிரேக்கத்தில் ‘முதன்மையானது’ என்று பொருள். ‘ஏஸ்’ என்னும் விகுதி, 1833இல் பிரெஞ்சு வேதியியலர்கள் பாயெனும் பெர்சோஸும் பிரித்தெடுத்த டயாஸ்டேஸ் என்னும் நொதியின் பெயரிலிருந்து வந்தது.

இந்தக் குடும்பத்தின் முதல் நொதியை 1962இல் குரோஸ், லாப்பியேர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் தவளையின் தலைப்பிரட்டையில் கண்டார்கள். வால் கரைந்து மறைய வேண்டுமானால் அதைத் தாங்கும் கொல்லாஜென் வெட்டுப்பட வேண்டும் அல்லவா? நம் உடலிலும் காயம் ஆறுவதற்கும், பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்குவதற்கும் இவை வேண்டும். ஆகவே ‘திசு அழிப்பி’ என்னும் பெயரை நான் ஏற்கமாட்டேன். அது நோயாளியை வீணாக அச்சுறுத்தும், பாதி உண்மையையும் மறைத்துவிடும்.

அளவு மிஞ்சும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. இந்தக் குடும்பத்தின் நொதிகளை எண்ணிட்டு அழைப்பார்கள். அழற்சியின்போது டிஎன்எஃப் என்னும் புரதம் போன்ற அழற்சிச் சமிக்ஞைகளால் தூண்டப்பட்டு, குடற்சுவரின் நார்ச்செல்கள் மூன்றாம் எண் நொதியையும், வந்து குவியும் வெள்ளணுக்கள் ஒன்பதாம் எண் நொதியையும் மிகுதியாகச் சுரக்கின்றன. இவற்றை அடக்கும் இயற்கைத் தடுப்பான்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தாங்குபொருள் சிதைந்து, சளிச்சவ்வு புண்ணாகிறது. குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான கிரோன் நோயில் புண் ஆழமாகிப் புரையோடவும் செய்கிறது. அதே நோயில் வேறோர் இடத்தில் கொல்லாஜென் மிகையாகச் சேர்ந்து குடல் குறுகுவதும் உண்டு. அப்படியிருக்க, நொதியை அடைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா? ஒன்பதாம் எண்ணைக் குறிவைத்த ஆண்டெகாலிக்சிமாப் என்னும் எதிர்ப்புரதம் மருத்துவச் சோதனைகளில் பலன் தரவில்லை.

தமிழுக்கு வருவோம். புளித்துப் பொங்குவதைக் குறிக்கும் ‘நொதித்தல்’ தந்த ‘நொதி’ பள்ளி நூல்களிலேயே நிலைத்துவிட்டது. இலங்கையில் ‘நொதியம்’ என்பார்கள். ‘மேட்ரிக்ஸ்’ கணக்கில் ‘அணி’. அதை இங்கே இழுத்துவந்தால் குழப்பம்தான். இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘செல்லிடை’ போதும். எனவே என் தேர்வு ‘செல்லிடைப் புரதச்சிதைப்பி’. உலோகத்தைச் சுட்ட வேண்டிய வேதியியல் கட்டுரையில் முன்னால் ‘துத்தநாக’ சேர்க்கலாம். நோயாளிக்கு எழுதும்போது, ‘உங்கள் குடற்சுவரில் செல்லிடைப் புரதச்சிதைப்பிகள் மிகுந்துள்ளன, அழற்சி தணிந்தால் அவையும் குறையும்’ என்று எழுதலாம்.