பில்லுல போட்டிருக்கிற 'நீங்கள் சேமித்தது' உங்க சேமிப்பு இல்லைங்க

குடும்ப பட்ஜெட், கடன் ஆலோசனைதான் என் வேலை. இந்த மாசத்துல மட்டும் இந்த மாதிரி வர்ற நாலாவது கேஸ் இது, அதான் இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

போன வாரம் ஒரு கணவன் மனைவி வந்திருந்தாங்க. அந்த அக்கா ஒரு ஃபைல விரிச்சாங்க. ஆறு மாச மளிகை பில்லு, தேதி வாரியா பின் அடிச்சு, ஒவ்வொண்ணுலயும் கடைசியில வர்ற 'நீங்கள் சேமித்தது'ங்கிற வரிய மட்டும் மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு போட்டு, பின்பக்கத்துல மொத்தத்தையும் கூட்டி வெச்சிருந்தாங்க. "இவ்ளோ மிச்சம் பிடிச்சிருக்கேன் மேடம், ஆனா 20ஆம் தேதிக்கு மேல கையில காசே நிக்க மாட்டேங்குது, எங்கதான் போகுது?"ன்னு கேக்குறாங்க. பக்கத்துல இருந்தவர் ஒண்ணும் பேசல, போன எடுத்து வீட்டு அலமாரி போட்டோவ காட்டினார். ஷாம்பு மட்டும் 14 பாட்டில். வீட்டுல இருக்கிறது மூணு பேர்.

அந்த அக்காவ நான் குறை சொல்ல மாட்டேன், அவ்ளோ உழைப்பு போட்டிருக்காங்க. ஆனா அந்த மஞ்சள் வரி அவங்க கையில நின்ன காசு கிடையாது, விலைப்பட்டியலுக்கும் நீங்க கட்டினதுக்கும் உள்ள வித்தியாசம், அவ்ளோதான். தயவு செஞ்சு இத ஒரு தடவ பொறுமையா படிங்க. உங்க லிஸ்ட்டுக்கு 700 ஆகுதுன்னு வெச்சுக்குவோம். 1000க்கு வாங்கினா 100 தள்ளுபடின்னு ஒரு கூப்பன் கையில இருக்கு. அத விட மனசு வராம 300க்கு தேவையில்லாதத எடுத்துப் போடுறீங்க, 900 கட்டுறீங்க. பில்லு 100 சேமிச்சீங்கன்னு சொல்லுது, பர்ஸ்ல இருந்து 200 கூடுதலா போயிருக்கு! இதே கணக்க அந்த ஃபைல்ல இருந்த பில்லுங்கள்ல ஒண்ணொண்ணா போட்டுக் காட்டினேன், பாதிக்கு மேல இப்படித்தான் இருந்துச்சு.

ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயும் அப்படித்தான், ரெண்டையும் தீர்த்தாத்தான் அது பாதி விலை, ரெண்டாவது கெட்டுப்போய் குப்பைக்குப் போனா நீங்க கட்டினது முழு விலை. ரெண்டாவதுக்கு பாதி விலைன்னா மொத்தத்துல 25 சதவீதம்தான் குறையுது. 20 சதவீதத்துக்கு மேல இன்னொரு 10 சதவீதம்னா 28, 30 இல்ல. 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கு சொல்லுது, அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து போனது. சேல்ல வாங்கினதும் அதுல இருக்கு.

கூப்பனே வேண்டாம்னு சொல்ல வரல, நானும் யூஸ் பண்றவதான். ஆனா வரிசை முக்கியம். முதல்ல வீட்டுல என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் இந்த வார சேல் என்னன்னு பாருங்க, அப்புறம் லிஸ்ட், கூப்பன் கடைசியில. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. கூப்பன் கிடைச்ச அன்னைக்கே ஓடாதீங்க, தேதி முடியிறதுக்குள்ள அதே பொருள் சேலுக்கு வந்தா ரெண்டும் சேர்ந்து குறையும், கடை அனுமதிக்குதான்னு மட்டும் கேட்டுக்கோங்க. விளம்பரத்தோட முதல் பக்கத்துல இருக்கிறத சில சமயம் கடைக்காரங்க அடக்க விலைக்கும் கீழ குடுப்பாங்க, உள்ள வந்தவங்க வாங்குற மத்ததுல அத எடுத்துக்குவாங்க. அத மட்டும் வாங்கிட்டு வெளிய வாங்களேன்.

பெரிய பேக்தான் லாபம்னு நம்பாதீங்க. 250 மில்லி 50, 1 லிட்டர் 180ன்னா பெருசுதான் சல்லிசு. ஆனா 20 குறைக்கிற கூப்பன் இருந்தா சின்னது 30, அதாவது 100 மில்லி 12, பெருசு 160, 100 மில்லி 16. பேக் விலைய பாக்காதீங்க, 100 மில்லிக்கு, 1 கிலோவுக்கு எவ்ளோன்னு பாருங்க. அடிக்கடி வாங்குற ஒரு 15 பொருளோட விலைய தேதியோட ஒரு நோட்டுல எழுதி வாங்க, ரெண்டு மூணு மாசத்துல எது எப்போ இறங்குதுன்னு உங்களுக்கே பிடிபடும், அடுத்த சேல் வரைக்கும் தேவையானது போக மேல வாங்கி அடுக்காதீங்க.

கார்டுல பாக்கி வெச்சுட்டு ஆஃபர் தேடுறவங்களுக்கு இன்னொண்ணு. 100 மதிப்புள்ளத 90க்கு வாங்கி, மாசம் 3 சதவீத வட்டியோட நாலு மாசம் இழுத்தா 101ஐத் தாண்டிடும். போன்ல வர்ற கூப்பன் லிங்க் ஓடிபி கேட்டா அது கூப்பனே இல்ல, உடனே மூடுங்க, இத எத்தன தடவ சொல்றது!

அந்த அக்காகிட்ட ஹைலைட்டர வாங்கி மேசையில வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், வர்ற மூணு மாசம் பில்லோட கடைசி வரிக்குப் பதிலா, நீங்க கட்டின தொகைய மட்டும் நோட்டுல எழுதுங்கன்னு. சரின்னாங்க. ஆலோசனைக்கு வர்ற மத்தவங்களும் பில்லு கட்டோட பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் கொண்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுதான் நாம பேசவே ஆரம்பிக்க முடியும்.