நல்ல உணவகத்தில் ஏன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது?

சென்னையில் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் பழைய பங்களாக்கள் சிலவற்றைப் புதுப்பித்து உணவகமாக்கியிருக்கிறார்கள். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பூசாத செங்கல் சுவர், தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், சமையலும் நன்றாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வது பாதி காதில் விழாது. பக்கத்து மேஜைக்காரர்கள் இப்படிக் கத்துகிறார்களே என்று தோன்றும். அவர்களுக்கும் நம்மைப் பற்றி அதேதான் தோன்றிக்கொண்டிருக்கும். அந்த அறை எல்லோரையும் கத்த வைக்கிறது.

பிரெஞ்சுக்காரர் எத்தியென் லொம்பார் காது மூக்கு தொண்டை மருத்துவர். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் குரல் தானாக உயர்கிறது, இரைச்சலை நிறுத்தியதும் தணிந்துவிடுகிறது என்று 1911-ல் எழுதினார். குரலை உயர்த்துகிறோம் என்பதே பேசுபவருக்குத் தெரியாது. செவிடு என்று பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிக்கக்கூட இது பயன்பட்டது. இரைச்சல் அவர் காதில் விழுந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அல்லவா?

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல். சுற்றுச் சத்தம் ஒரு டெசிபெல் கூடினால் நம் குரல் தோராயமாக அரை டெசிபெல் கூடும். கேட்கச் சின்ன விஷயம்தான். உணவகத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசுபவர்கள் இரண்டு மடங்கானால் ஒலி ஆற்றலும் இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபெல் அதிகம். அந்த 3-ஐக் கேட்டு எல்லோரும் குரலை 1.5 உயர்த்துகிறார்கள். அதனால் அறையின் சத்தம் இன்னும் 1.5 ஏறுகிறது. அதற்குப் பதிலாகக் குரல் 0.75 ஏறுகிறது. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 6 டெசிபெல்லில் போய் நிற்கிறது. பத்துப் பேர் பேசிய இடத்தில் நாற்பது பேர் பேசினால் 12 டெசிபெல். 10 டெசிபெல் ஏறினாலே சத்தம் இரண்டு மடங்கானது போல நம் காதுக்குத் தோன்றும்.

சரி, பழைய ஹோட்டல்களிலும் கூட்டம் இருந்ததே? இருந்தது. ஆனால் கொஞ்சம் வசதியான இடங்களில் கம்பளமும் கனமான திரையும் பஞ்சு வைத்த இருக்கைகளும் பொய்க்கூரையும் இருந்தன. இப்போதைய ரசனை இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் கான்கிரீட்டைக் காட்டச் சொல்கிறது. கான்கிரீட், கண்ணாடி, கல் மூன்றும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சம் திரும்பி வரும், மறுபடி மோதும், மறுபடி வரும்.

இதற்கு முதலில் கணக்குக் கண்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேசுவது எதுவும் புரியவில்லை. சபைன் ஓர் ஆர்கன் குழாயையும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, ஊர் அடங்கிய இரவு நேரங்களில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அளந்தார். அறையிலுள்ள ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டினால் வருவது உறிஞ்சும் பரப்பு. மீட்டர் கணக்கில், அறையின் கன அளவை அந்த உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.16-ஆல் பெருக்கினால் ஒலி 60 டெசிபெல் தணிய ஆகும் நேரம் நொடிகளில் கிடைக்கும். இன்றைக்கும் அரங்கம் கட்டுபவர்கள் இதை வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் அறை ஒன்றில் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒலியை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த மனிதர்களின் உடம்பும் உடையும்தான். சபைன் கணக்குப்படி ஒலி தணிய ஏறக்குறைய 1.8 நொடி. கூரையில் மட்டும் நல்ல ஒலி உறிஞ்சும் பலகை பதித்தால் அது அரை நொடியாகக் குறையும். சத்தம் நேரடியாக 5 டெசிபெல் குறையும், அதனால் எல்லோரும் குரலைத் தணிப்பதில் இன்னொரு 5 வரை குறையக்கூடும். ஏற்றிவிட்ட அதே சங்கிலி இறக்கியும் விடுகிறது.

எனக்கு இதில் மனம் வலிப்பது வயதானவர்களை நினைத்துத்தான். பட்டு, தட்டு, கட்டு என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் முழுவதும் முதல் மெய்யில் இருக்கிறது. அந்த மெய்யொலிகள் பலவீனமானவை, நொடியில் மின்னி மறைபவை. அவற்றை அடையாளம் காட்டும் ஆற்றலில் பெரும்பகுதி உயர் அதிர்வெண்களில், அதாவது கீச்சென்ற ஒலிகளில், இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் உயர் அதிர்வெண்களைத்தான். போதாததற்கு, முந்தைய உயிரொலியின் முழக்கம் அறையில் சுற்றிக்கொண்டு அடுத்த மெய்யை மூடிவிடுகிறது. காதுக் கருவி போட்டிருந்தாலும் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் அது பெருக்கித் தருகிறது. தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்று அழைத்துப்போய், அவர் மட்டும் யார் பேச்சும் புரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை எத்தனை குடும்பங்களில் பார்க்கிறோம்!

சத்தம் நாக்கையும் விட்டுவைப்பதில்லை. உரத்த இரைச்சலில் சாப்பிட்டவர்களுக்கு இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்ததாக 2010-ல் மான்செஸ்டர் ஆய்வு ஒன்று காட்டியது. விமானத்தின் உட்புறச் சத்தத்தைப் போல 85 டெசிபெல் வைத்து 2015-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது இனிப்பு மங்கியது, தக்காளி, காளான் போன்றவற்றில் இருக்கும் உமாமி சுவை மட்டும் தூக்கலானது. நாக்கிலிருந்து சுவை கொண்டுபோகும் நரம்பு ஒன்று நடுக்காது வழியாகத்தான் போகிறது. காரணம் அங்கே இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பரிமாறுபவர்கள் நிலைமை இதைவிட மோசம். 85 டெசிபெல் என்றால் நாளைக்கு எட்டு மணி நேரம், 88 என்றால் நான்கு மணி நேரம், அதுதான் காதுக்கு வரம்பு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ். நாம் இரண்டு மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுகிறோம், அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள்.

உணவக முதலாளிகள் அழகைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பலகையைக் கூரையின் நிறத்திலேயே பதிக்கலாம், மேஜைக்கு அடியில்கூட ஒட்டலாம், யார் கண்ணிலும் படாது. சாப்பிடப் போகிறவர்கள் சின்ன மேஜையாகக் கேட்பது நல்லது. எதிரே இருப்பவரின் தூரம் பாதியானால் அவர் குரல் 6 டெசிபெல் கூடுதலாக வந்து சேரும். முதுகுக்குப் பின்னால் திரையோ மெத்தைச் சாய்மானமோ இருக்கிற மூலையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். அப்புறம், இடம் பாதி நிறைந்திருக்கும் ஏழு மணிக்கே போய்விடுங்கள். மேலே போட்ட கணக்கின்படி அதிலும் ஒரு 6 டெசிபெல் மிச்சம்.