சில்லு முறிப்பானா, சீவல் முறிப்பானா?

உலோகத்தைக் கடையும்போது உரிந்து வருவதை ஆங்கிலத்தில் ‘சிப்’ என்பார்கள். அதை ஒடிக்கும் அமைப்பான ‘சிப் பிரேக்கர்’ கடைசல் எந்திரக் கையேடுகளில் இப்போது ‘சில்லு முறிப்பான்’ ஆகிவிட்டது. சில்லு என்றாலே ஏற்கெனவே உடைந்தது. அதை மறுபடி எதற்கு முறிப்பது?

ஆங்கிலத்தில் சிப், கோடரி வெட்டில் தெறித்த மரத்துண்டு. உலோகம், உருளைக்கிழங்கு, மின்னணு எல்லாம் பிறகு. தமிழில் அப்படித் தெறித்துப் பெயர்வது சில்லு: தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு. கூர்முனை ஓடிச் சீவி எடுத்தது சீவல்.

எலும்பில் பொருத்தும் திருகாணிக்கு டைட்டானியம்-6 அலுமினியம்-4 வனேடியம் கலவையைக் கடையும்போது இந்த வேறுபாடு பணத்தையே தின்னும். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 7 வாட். கார்பன் எஃகுக்கு 50 அளவு. எஃகில் சூட்டைச் சீவல் அள்ளிக்கொண்டு போகும். இங்கே சூடு வெட்டுமுனையிலேயே தங்கிவிடும். அதனால்தான் கார்பைடு இன்செர்ட்டிலும் (கருவி நுனியில் மாட்டும் கடினமான வெட்டுத்துண்டு) நிமிடத்துக்கு 50, 60 மீட்டர் வெட்டுவேகத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சூடேறினால் சீவல் முனையில் ஒட்டிக்கொள்ளும். பிய்ந்து போகும்போது கார்பைடையும் பெயர்த்துவிடும். அப்படிப் பெயர்வதுதான் சில்லு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவர் இதை எப்படி எழுதுவார்? ‘சில்லு ஒட்டியதால் சில்லு பெயர்ந்தது’ என்றா? படிப்பவர் இன்செர்ட்டை மாற்றுவாரா, குளிர்விப்பானை (சூட்டைத் தணிக்கப் பீய்ச்சும் திரவம்) கூட்டுவாரா?

முறியாத சீவல் நாடாவாக நீண்டு திருகாணியைச் சுற்றும், புரியைக் கீறும். 70 பார் அழுத்தத்தில் குளிர்விப்பானைச் சீவலுக்கும் கருவியின் மேல்முகத்துக்கும் நடுவே பீய்ச்சுவது அதை முறிக்கத்தான். ஆகவே சீவல் முறிப்பான். வார்ப்பிரும்பு பொடியாக உதிருமே என்பார்கள். உதிரட்டும், உதிரிச் சீவல் எனலாம். ‘சீவல் வெற்றிலைப் பெட்டிச் சொல்லாயிற்றே’ என்பவருக்கு: சில்லு மட்டும் என்ன, பாண்டி ஆட்டத்துச் சொல்தானே!

இன்னும் மோசம், ‘சிப்’ என்பதற்குப் ‘பிசிறு’ என்று போடுவது. பிசிறு வேலைப்பொருளின் விளிம்பிலேயே ஒட்டி நிற்பது. திருகாணியில் அதை உருப்பெருக்கியில் பார்த்து எடுக்க வேண்டும். சீவலோ தொட்டியில் விழுவது. மெல்லிய டைட்டானியச் சீவல் மழுங்கிய கருவியின் சூட்டிலேயே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ சீறும், உலர்ந்த மணலோ உலோகத் தீக்கான பொடியோதான் போட வேண்டும். தொட்டியைத் தினமும் காலிசெய்யச் சொல்வது அதற்காகத்தான். அந்த வரியில் ‘பிசிறை அகற்றவும்’ என்றிருந்தால், எந்திரக்காரர் அரத்தைத்தான் தேடுவார்.