கடுகின் காரம் எங்கே போகிறது?

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்கிறோம். முப்பது வருடமாகத் தாளிக்கிறேன், கடுகில் காரத்தை ஒருநாளும் கண்டதில்லையே?" என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது சரிதான். சாம்பாரில் மிதக்கும் கடுகைத் தனியாக எடுத்துக் கடித்துப் பாருங்கள். வறுத்த வாசமும் லேசான கசப்பும் தெரியும், காரம் இருக்காது. அதே கடுகுக்கு வங்காளத்துச் சமையலறையில் வேறு முகம்.

கொல்கத்தாவில் நான் குடியிருந்த வீட்டில், கீழ்த்தளத்து மாஷிமா கடுகை ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைப்பார். அவர்கள் அம்மி நம்முடையதைவிடத் தட்டையானது, அதை ஷில் என்பார்கள். அரைக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மாடிப்படியில் நிற்கிற எனக்குக் கண் கரிக்கும். அந்த விழுதை இலிஷ் மீன் துண்டுகளில் தடவி, கடுகெண்ணெய் ஊற்றி, டிபன் டப்பாவில் இறுக மூடி ஆவியில் வைப்பார். டப்பாவைத் திறக்கும்போது கிளம்பும் நெடி மூக்கு வழியாக உச்சந்தலைக்கே ஏறும்.

இரண்டு ஊரிலும் கடுகு ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்று பார்க்க, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஸ்பூன் கடுகைக் காய்ந்த உரலில் பொடித்து முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. பொடியை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் பச்சைத் தண்ணீரும் மற்றதில் கொதிக்கிற தண்ணீரும் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து முதல் கிண்ணத்தில் மூக்கை வைக்க முடியாது. இரண்டாவது சாதுவாக இருக்கும்.

ஆக, கடுகுக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. காரத்தைத் தயாரிக்கும் ஏற்பாடுதான் இருக்கிறது. சினிகிரின் என்ற சேர்மம் சில அறைகளில் அடைபட்டிருக்கிறது. அதில் சர்க்கரை ஒட்டியிருக்கும்வரை அதற்குக் காரம் கிடையாது. மைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) வேறு செல்களில் காத்திருக்கிறது. ஒரு பூச்சி கடித்தாலோ அம்மிக் குழவி நசுக்கினாலோ சுவர்கள் உடைகின்றன. ஈரம் பட்டால் இரண்டும் சந்திக்கின்றன. நொதி, சர்க்கரையை வெட்டி எறிகிறது. மிஞ்சிய துண்டு நிலையில்லாமல் தவித்து, தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொண்டு அல்லைல் ஐசோதயோசயனேட் ஆகிறது. அதுதான் கடுகின் காரம். கடித்தவனைக் கடித்த இடத்திலேயே தண்டிக்கிற ஆயுதம், ஆனால் அதைச் செய்து வைத்தால் செடிக்கே ஆபத்து. அதனால் பாகங்களைப் பிரித்து வைத்து, ஒன்றுசேர்க்கிற வேலையை எதிரியின் பல்லிடமே விட்டிருக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து கடுகு டப்பாவை என்னால் சாதாரணமாகத் திறக்க முடிவதில்லை.

மிளகாயின் காரம் நாக்கிலேயே தங்கும். கடுகின் காரம் எளிதில் ஆவியாகிறது, அதனால்தான் மூக்குக்குப் பாய்கிறது. நரம்பில் அது தட்டும் கதவு டிஆர்பிஏ1 என்ற புரதம். 2004இல் இதைக் காட்டிய ஆய்வகங்களில் முக்கியமானது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுடையது. மிளகாய் தட்டும் கதவைக் கண்டுபிடித்தவரும் அவர்தான், 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, தாளிக்கும்போது என்ன நடக்கிறது? காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் விதைக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகிறது, தோல் தாங்காமல் வெடிக்கிறது. அதற்குள் நொதி, வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலச் சுருண்டு செத்துவிடுகிறது. அதன் பிறகு அரைத்தாலும் பயனில்லை, வெட்ட ஆளில்லை.

திருஷ்டி கழிக்க அடுப்பில் போடும் கடுகு படபடப்பதும் இதே நீராவியால்தான். என் பாட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு, "பார், எவ்வளவு கண்ணு" என்பார். அவருடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சுற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அக்கம்பக்கத்துச் சமையல்களைப் பார்த்தால், இந்த வேதியியலைக் கைப்பழக்கமாகவே அறிந்திருக்கிறார்கள். உருவான காரம் தண்ணீரில் மெல்லச் சிதையும், புளிப்பு இருந்தால் அந்தச் சிதைவு தாமதமாகும். ஆந்திர ஆவக்காயில் கடுகுப் பொடிக்குத் துணை புளிப்பு மாங்காய். இலங்கை அச்சாறில் அரைத்த கடுகோடு வினிகர். வட இந்தியாவில் காஞ்சி என்ற புளிப்புப் பானத்தில் கடுகு சேர்த்த தண்ணீரே நாள்கணக்கில் ஊறிப் புளிக்கிறது. வங்காளிகளும் பஞ்ச்போரன் என்ற ஐந்து விதைக் கலவையைத் தாளிக்கிறார்கள், கடுகெண்ணெயைப் புகைய விட்டு நெடியைப் போக்குகிறார்கள். அப்புறம் இறக்கும்போது பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி, போனதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

இங்கே ஒரு ஆதங்கம். கடுகு ஆராய்ச்சி என்றால் பணம் விளைச்சலுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. சினிகிரின் வகைச் சேர்மங்கள் குறைந்த ரகங்களும் வந்திருக்கின்றன, பிண்ணாக்கு தீவனத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதற்காக. அதுவும் தேவைதான். ஆனால் எந்த ஊர் அரைப்பு எவ்வளவு காரம் தருகிறது, ஊறுகாயில் அது எத்தனை நாள் நிற்கிறது என்று அளக்கவும் ஒரு சிறு பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் மாஷிமாவின் விழுதுக்குக் காரமில்லாத கடுகுதான் கிடைக்கும்.

மதுரை வாசகிக்கு: அரை ஸ்பூன் கடுகைத் தேங்காயோடு பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். வெள்ளரிக்காயை வேகவைத்து, ஆறியபின் இந்த விழுதையும் தயிரையும் கலக்குங்கள். அதற்கப்புறம் அடுப்பில் ஏற்ற வேண்டாம். மலையாளிகள் ஓணத்துக்குச் செய்யும் கிச்சடி இதுதான். மேலே வழக்கம்போலக் கடுகு தாளித்துக் கொட்டுங்கள். உள்ளே ஒரு கடுகு, மேலே ஒரு கடுகு. ஒரே வாய்க்கு இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.