பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறீர்களா, டாக்டர்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசும்போது இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. பெரும்பாலும் மூத்த மகன்தான் கேட்பார். "அப்பாவை நாங்களே கொன்ற பாவம் வந்துவிடுமோ" என்ற பயம் அதற்குள் இருக்கும். அந்தப் பயத்தை வளர்த்ததில் 'பிளக்கைப் பிடுங்குவது' என்ற ஆங்கிலச் சொல்வழக்குக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

நடந்துகொண்டிருக்கும் ஒன்றை அடியோடு நிறுத்துவதை ஆங்கிலத்தில் 'பிளக்கை இழுப்பது' என்பார்கள். பழைய கழிவறைகளில் அடைப்பானை இழுத்துத் தண்ணீரை வடியவிட்டதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். மின்சாரக் காலத்தில் அது சுவர் பிளக்காக மாறியது. மருத்துவமனையோடு அதைச் சேர்த்துப் பேசவைத்ததில் அமெரிக்காவின் கேரன் ஆன் குவின்லன் வழக்குக்கு முக்கிய இடம் உண்டு. 1975-இல், 21 வயதில் நினைவிழந்த அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பவேயில்லை. செயற்கையாக மூச்சுவிட வைக்கும் மிஷினான வென்டிலேட்டரை விலக்க நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1976 மார்ச்சில் அனுமதித்தது. விலக்கினார்கள். கேரன் தானாகவே மூச்சுவிட்டார்! குழாய்வழி உணவோடு 1985 வரை உயிரோடிருந்து, நிமோனியாவில் இறந்தார்.

வென்டிலேட்டரின் பிளக்கை உண்மையிலேயே பிடுங்கினால் அலாரம் அடிக்கும். மிஷின் உள்பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் செய்வது வேறு. மூச்சுத்திணறல் தெரியாதிருக்க மார்ஃபின், பதற்றம் தணிய மிடாசோலம் கொடுக்கிறோம். மானிட்டரின் சத்தத்தை அணைக்கிறோம். மிஷினின் உதவியைப் படிப்படியாகக் குறைத்து, சளியை உறிஞ்சியெடுத்துவிட்டு, மூச்சுக்காகப் போட்ட குழாயை விலக்குகிறோம். மனைவி அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். வாயில் துளசித் தீர்த்தம் விட விரும்பினால் உதடு நனையும் அளவுக்கு விடலாம். சிலருக்குச் சில நிமிடங்கள், சிலருக்குச் சில நாட்கள். உயிரை எடுப்பது நோய்தான். மருந்தும் கவனிப்பும் கடைசி மூச்சுவரை தொடரும்.

மீளவே முடியாத நிலையில் இப்படிச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள 2018 மார்ச் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தலா மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே முடிவின் பாரம் மூத்த மகனின் தலையில் மட்டும் விழுவதில்லை.

நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே எழுதிவைத்துவிட்டால் அவருக்கு இன்னும் ஆறுதல். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். நமக்காகப் பேசப்போகிறவரின் பெயரை அதில் குறிப்பிட்டு, அவரிடமும் குடும்ப டாக்டரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.