அசெட்ஸ்டோரை காப்பி எடுத்தால் களஞ்சியம் வந்துவிடாது

நாகர்கோவில் பக்கம் இன்னொரு கல்லூரியிலும் அதே கூத்து. ஆய்வேடுகளைச் சேமித்துத் தேடித் தரும் டிஜிட்டல் களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸ் ஓடிய பழைய சர்வரை ஃபார்மட் செய்தாயிற்று. மாணவர்களின் ஆய்வேடுகள் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன என்கிறார்கள். திறந்து பார்த்தால் ஒரு பி.டி.எஃப். கூடக் கண்ணில் படாது.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்றிய கோப்பு, ஏற்றிய பெயரிலேயே அங்கே இருக்காது. அசெட்ஸ்டோரில், அதாவது டிஸ்பேஸ் கோப்புகளைப் போட்டு வைக்கும் ஃபோல்டரில், இரண்டிரண்டு இலக்கப் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, நீண்ட எண் ஒன்றே பெயராக, எக்ஸ்டென்ஷன்கூட இல்லாமல் கிடக்கும். எந்த எண் யாருடைய ஆய்வேடு, நெறியாளர் யார், எந்தத் துறை, யாருக்கு அனுமதி என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. அசெட்ஸ்டோரை மட்டும் எடுப்பது, கேட்டலாக் அட்டைகளை எரித்துவிட்டு முகப்பு கிழிந்த புத்தகங்களை மூட்டை கட்டுவதற்குச் சமம். டேட்டாபேஸை மட்டும் எடுத்தாலோ தலைப்பு தெரியும், கோப்பு திறக்காது. புதிதாக ஏற்றுவதை நிறுத்தி வைத்து, இரண்டையும் ஒரே வேளையில் எடுங்கள்.

பிஎச்.டி. ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கான பொதுத் தளமான சோத்கங்காவிலாவது இருக்கும். முதுகலை ப்ராஜெக்ட்டும் எம்.ஃபில். ஆய்வேடும் பெரும்பாலும் உங்களிடம் மட்டும்தான். எம்.ஃபில். 2022 யுஜிசி விதிகளோடு நின்றுபோனது, நினைவிருக்கட்டும்.

டிஸ்பேஸ் 6-ஆம் பதிப்பிலிருந்து 7-க்குப் போகிறவர்கள் டேட்டாபேஸையே அப்கிரேட் செய்யுங்கள், ஹேண்டில் எண்கள் (ஒவ்வொரு ஆய்வேட்டுக்குமான நிலையான லிங்க் எண்கள்) மாறாது. எக்ஸ்போர்ட் செய்துதான் ஆகவேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் கட்டளையில் 'எம்' (-m) ஆப்ஷனைத் தொடாதீர்கள். அது பழைய ஹேண்டிலைக் கழற்றிவிடும், மாணவர்கள் பயோடேட்டாவில் கொடுத்த லிங்க் செத்துப்போகும். (ஹேண்டில் முன்னொட்டு இன்னும் 123456789 என்றே இருக்கிறதா? அது பதிவு செய்யாத மாதிரி எண். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.)

எக்ஸ்போர்ட்டில் அனுமதி விதிகள் கூடவே வராது. பூட்டி வைத்த ஆய்வேடு புதிய தளத்தில் ஊருக்கே திறந்து கிடக்கும். குளச்சல் மீனவர்களிடமும், பேச்சிப்பாறை காணி மக்களிடமும், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களிடமும் எடுத்த பேட்டிகளின் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள்: பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர். நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். தடை உள்ளவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு, இம்போர்ட் முடிந்ததும் லாக்-அவுட் செய்துவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

தமிழ்த் துறை ஆய்வேடுகள் பலவும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. திரையில் 'தமிழ்' என்று தெரியும், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தேடினால் எப்படிக் கிடைக்கும்? தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையுமாவது யூனிகோடில் மாற்றி மெட்டாடேட்டாவில் (ஆய்வேட்டின் விவரப் பதிவில்) ஏற்றுங்கள். கன்வெர்ட்டரை அப்படியே நம்பாதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறும்.

இரு தளத்திலும் ஒவ்வொரு கலெக்‌ஷனின் எண்ணிக்கையையும், கோப்புகளின் செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். பழைய சர்வரை ஒரு செமஸ்டராவது படிக்க மட்டும் திறந்து வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கான்ட்ராக்ட்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது, நூலகரிடமும் இருக்கவேண்டும்.